பதினான்கு வருகைகள், நான்கு அளவீடுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து ஏறிக்கிடக்கும் ஒருவர் மருத்துவர் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை என்றுதான் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். பழைய சீட்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் பொறுமையாகப் புரட்டினால் விஷயம் வேறாக இருக்கிறது. போகிறார்கள், அடிக்கடியே போகிறார்கள். முழங்கால் வலிக்கு, பல்லுக்கு, காய்ச்சலுக்கு, கண்ணாடி மாற்ற. உயிருக்கு உலை வைக்கக்கூடிய அந்த மூன்றுக்காக மட்டும் போவதில்லை, ஏனென்றால் அவை வலிப்பதில்லை. போன இடத்திலும் யாரும் அவற்றைக் கையில் எடுப்பதில்லை. இந்த இரண்டாவது பாதிதான் இந்த ஆய்வின் விஷயம்.

இங்கே வரும் நோயாளி ஒரு தனி மனிதரல்ல. முதல்நிலை மருத்துவத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் போக்குகளைச் சேர்த்து அமைத்த நிகழ்வு இது; அவருடைய அளவுகளும் அப்படி அமைத்தவையே. இடையிடையே வரும் உலக அளவிலான எண்களும் ஆய்வு முடிவுகளும் மட்டும் வெளியான தரவுகள்.

யார் இவர்

51 வயது ஆண். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் அலுவலக வேலை. புகைப் பழக்கம் இருந்து நாற்பது வயதில் விட்டவர். அப்பாவுக்கு 58 வயதில் பக்கவாதம், அம்மாவுக்கு நீண்டகாலமாகச் சர்க்கரை. காப்பீடு உண்டு, மருத்துவமனையில் சேர்ந்தால் செலவைத் தரும், புறநோயாளியாகப் பார்த்தால் தராது. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கிளினிக் இருக்கிறது.

அதாவது, வசதியில்லாமல் விடுபட்டவர் அல்ல. படித்தவர், மருத்துவர்கள்மீது அவநம்பிக்கை இல்லாதவர். இவரைப் போன்ற ஒருவரை எடுத்துக்கொண்டதற்குக் காரணமே அதுதான். தூரம், காசு, பயம் என்ற வழக்கமான தடைகள் பெரிதாக இல்லாத ஒருவரிடமும் எது நழுவுகிறது என்று பார்த்தால், சேவை அமைந்திருக்கும் விதத்தில் உள்ள ஓட்டை துலக்கமாகத் தெரியும். தடைகள் உள்ளவர்களுக்கு அதே ஓட்டை இன்னும் பெரிது. நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று பிரிட்டன் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் எழுதியது இன்றைக்கும் பழசாகவில்லை.

ஐந்து ஆண்டுப் பதிவு

46 வயதில் காய்ச்சல். கிளினிக்கில் பார்த்த ரத்த அழுத்தம் 148/94. மருத்துவர் அதைச் சீட்டின் ஓரத்தில் எழுதிவிட்டு, "காய்ச்சல் நேரத்துல கொஞ்சம் கூடத்தான் இருக்கும், சரியானதும் ஒருமுறை பார்த்துக்கலாம்" என்றார். தப்பான பேச்சு அல்ல. ஒற்றை அளவீட்டை வைத்து யாருக்கும் உயர் ரத்த அழுத்தம் என்று முத்திரை குத்தக்கூடாது. இரண்டு வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் உறுதி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆனால் அந்த "ஒருமுறை"க்குத் தேதி கிடையாது. மூன்று நாள் கழித்து அவர் மறுபடி வந்தபோது காய்ச்சல் இல்லை. அழுத்தமும் பார்க்கப்படவில்லை.

47 வயதில் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனார். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன் பார்த்தபோது 156/96. பல் மருத்துவர் பதற்றம் என்று கணித்தார், கொஞ்சம் உட்காரவைத்தார், வேலையை முடித்தார். தையல் பிரிக்க வந்தபோது பார்க்கவில்லை. இது இரண்டாவது நாள், இரண்டாவது அளவீடு. வரையறைப்படி நோய் உறுதியாகிவிட்டது. ஆனால் முதல் எண் ஒரு கிளினிக்கின் சீட்டில், இரண்டாவது எண் பல் மருத்துவமனையின் கோப்பில். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை, நோயாளி உட்பட.

48 வயதில் அலுவலகம் ஏற்பாடு செய்த உடல் பரிசோதனை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, ட்ரைகிளிசரைடு 210, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் 36, இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ., ரத்த அழுத்தம் 138/88. வளர்சிதை மாற்றக் கோளாறுத் தொகுப்பு என்று சொல்ல ஐந்து அளவுகோல்களில் மூன்று போதும்: அழுத்தம் 130/85-ஐ எட்டுவது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐ எட்டுவது, ட்ரைகிளிசரைடு 150-ஐ எட்டுவது, ஆண்களுக்கு எச்டிஎல் 40-க்குக் கீழே போவது, பருத்த இடுப்பு. இவருக்கு ஐந்தும். ரிப்போர்ட் மின்னஞ்சலில் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை, சில எண்கள் சிவப்பில், கடைசியில் "மருத்துவரை அணுகவும்" என்ற வரி. எந்த மருத்துவரை, எதற்காக, எப்போதுக்குள் என்று இல்லை. அவர் அதை ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தார். "சர்க்கரை இல்லை, பார்டர்தான்" என்று வீட்டில் சொன்னார். எல்லோருக்கும் நிம்மதி.

49 வயதில் முழங்கால். எலும்பு மருத்துவரிடம் ஐந்து முறை. எக்ஸ்ரே, வலி மாத்திரை, பிசியோதெரபி. இந்த ஐந்து வருகைகளிலும் ஒரு தடவைகூட அழுத்தம் பார்க்கப்படவில்லை. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அவருக்கு எழுதிக்கொடுத்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை, நாள்பட எடுத்தால் சிறுநீரகத்துக்கும் ஆகாதவை. முன்பே இரண்டு முறை 140-ஐத் தாண்டியவர் என்று தெரிந்திருந்தால் எலும்பு மருத்துவர் மாதக்கணக்கில் எழுதியிருக்க மாட்டார். தெரியவில்லை. கேட்கவும் இல்லை, கேட்டிருந்தாலும் "பிரஷர் எல்லாம் இல்லை டாக்டர்" என்றுதான் பதில் வந்திருக்கும், ஏனென்றால் இருக்கிறது என்று அவரிடம் யாருமே சொன்னதில்லை.

50 வயதில் பார்வை மங்கல். கண்ணாடிக் கடையில் பவர் மாற்றினார். சில மாதங்களில் அதுவும் சரியாக இல்லை என்று மறுபடி மாற்றினார். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் நீரை உறிஞ்சி வீங்குவதும் வற்றுவதுமாக இருக்கும், பவர் அதற்கேற்ப ஆடும். ஆறு மாதத்துக்குள் இரண்டு கண்ணாடி என்பது ஒரு தடயம். அதே ஆண்டு கால் விரலிடுக்கில் விடாத பூஞ்சைத் தொற்று, தோல் மருத்துவர், களிம்பு. அதுவும் ஒரு தடயம்.

51 வயதில், ஒரு நள்ளிரவில் நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று அவசரப் பிரிவுக்குப் போனார். இசிஜி சரியாக இருந்தது, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் இரண்டு முறை பார்த்தும் ஏறவில்லை. மாரடைப்பு இல்லை. ஆனால் அழுத்தம் 178/104, சர்க்கரை 268, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.1. ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை நோய். கொடுத்தனுப்பிய சீட்டில் முப்பது நாளுக்கு மாத்திரைகள், கீழே ஒரு வரி: "ஒரு வாரத்தில் உங்கள் குடும்ப மருத்துவரைப் பார்க்கவும்."

அவருக்குக் குடும்ப மருத்துவர் என்று யாரும் இல்லை. காய்ச்சலுக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர், காலுக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர் இருந்தார்கள்.

இதுவரை பதினான்கு வருகைகள். அழுத்தம் பார்க்கப்பட்டது நான்கு முறை. அந்த நான்கில் மூன்று தெளிவாக உயர்வு, நான்காவது விளிம்பில்.

பதினைந்தாவது முறை

சர்க்கரைக்குக் கொடுத்த மெட்பார்மின் மாத்திரை நாலாவது நாளே வயிற்றைப் புரட்டிப் பேதியாக்கியது, நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல ஆளும் இல்லை. அழுத்த மாத்திரையை முப்பது நாளும் சரியாக எடுத்தார். முப்பத்தோராம் நாள் அட்டை காலி. நெஞ்சு பாரமும் திரும்ப வரவில்லை. "சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்பது அவருடைய விளக்கம். அவசரப் பிரிவில் சொன்னதையும் அவர் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை: "ஹார்ட் அட்டாக் இல்லை" என்றார்கள்; அவர் கேட்டதும் அதைத்தான், வந்ததும் அதற்குத்தான்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் சட்டைப் பொத்தான் போட இடது கை ஒத்துழைக்கவில்லை, பேச்சு குழறியது. இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அவர் அலுவலகத்துக்குக் கிளம்பத் தயாரானார், மனைவி விடவில்லை. தற்காலிக மூளை ரத்தத் தடை. சரியாகிவிட்டதே என்று விட்டுவிடுவது இதில்தான் ஆபத்து, முழுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு அடுத்த 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இந்த முறை அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், காப்பீடும் செலவைத் தந்தது.

காப்பீட்டு விஷயத்தை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியவில்லை. ஐந்து ஆண்டும் சில மாதங்களும் கழித்து, மூளையின் கதவைத் தட்டிய பிறகு, பணம் தரத் தயாராகிறது ஏற்பாடு. முழங்காலுக்குப் போனபோது அழுத்தம் அளக்கும் கைப்பட்டையைச் சுற்றிப் பார்ப்பதற்கு யாருக்கும் ஒன்றும் கிடைக்காது.

எங்கே நழுவியது

சேவைப் பயன்பாட்டை விளக்க அமெரிக்கச் சமூகவியலாளர் ரொனால்ட் ஆண்டர்சன் 1968-இல் முன்வைத்த மாதிரியை இன்றும் கையாள்கிறார்கள். ஒருவர் சேவையை நாடுவது மூன்றைப் பொறுத்தது: இயல்பாகவே உள்ள சாய்வுகள் (வயது, பாலினம், நம்பிக்கைகள்), கைகொடுக்கும் வசதிகள் (பணம், தூரம், காப்பீடு), அப்புறம் தேவை. இந்தத் தேவையிலேயே இரண்டு வகை. நோயாளி தானாக உணரும் தேவை ஒன்று. மருத்துவர் பார்த்துச் சொல்லும் தேவை இன்னொன்று. முழங்காலில் இரண்டும் ஒன்றாக இருக்கும். ரத்த அழுத்தத்தில் முதலாவது கிட்டத்தட்டப் பூஜ்யம். அப்படியானால் இரண்டாவதுதான் முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும். நம் நோயாளியின் விஷயத்தில் அது நான்கு தடவை வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது.

இது ஒரு தனி ஆளின் அதிர்ஷ்டக் குறைவு அல்ல. 30 முதல் 79 வயது வரையுள்ளவர்களில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 2019-இல் உலகம் முழுக்கச் சுமார் 128 கோடி. அதில் 46 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் 2022-இல் 80 கோடிக்கு மேல். 30 வயதைத் தாண்டியவர்களை மட்டும் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்டோர் சிகிச்சையில் இல்லை. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி இருபது ஆண்டு நடந்த பெரிய சர்க்கரை நோய் ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு அந்த நாளிலேயே ஏதோ ஓர் உறுப்பில் பாதிப்பின் அடையாளம் இருந்தது. அதாவது "புதிதாக வந்தது" என்று சீட்டில் எழுதும் நோய்க்கு உடம்புக்குள் பல வருஷப் பழக்கம்.

இதில் மருத்துவர்களைத் திட்டுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வருகை ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது ஒழுங்காகவே நடந்திருக்கிறது. காய்ச்சல் போயிற்று, பல் போயிற்று, கால் தேறியது, மாரடைப்பு இல்லை என்று உறுதியானது. ஒவ்வொருவரும் தம்மிடம் வந்த வேலையை முடித்துக் கொடுத்தார்கள். அந்த 148/94 மட்டும் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எண் உயர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் சிகிச்சையைத் தொடங்காமலோ கூட்டாமலோ விடுவதை 2001 வாக்கில் மருத்துவ இதழ்கள் தனிப் பெயர் வைத்துப் பேசத் தொடங்கின. மருத்துவத் தேக்கம் எனலாம். காரணங்கள் ஓரளவு நியாயமானவை: இன்றைக்கு அவசரமாக வந்திருப்பார், லிஃப்ட் வேலை செய்யாமல் படியேறி வந்திருப்பார், அளவெடுக்கும் கருவி சரியில்லை, அடுத்த தடவை பார்ப்போம். அந்த அடுத்த தடவையும் இதே காரணங்களோடுதான் வரும். நோயாளிகள் பக்கமும் அதே கதைதான். நீண்டகால மருந்துகளை ஒழுங்காக எடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சுமார் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் கணக்கிட்டது. நாலாம் நாள் வயிற்றைப் புரட்டியதும் நிறுத்தியவர் கூட்டத்தில் ஒருவர், விதிவிலக்கல்ல.

வருடாந்திரச் செக்கப் போதாதா?

போதாது. இவர் செக்கப் செய்துகொண்டவர்தான். அதுவும் ஐந்துக்கு ஐந்து வாங்கியவர்.

இதற்குப் பெரிய சான்றுகளே இருக்கின்றன. டென்மார்க்கில் இன்டர்99 என்ற ஆய்வில் சுமார் 60,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைப் பரிசோதனைக்கும் வாழ்க்கைமுறை ஆலோசனைக்கும் அழைத்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ இறப்பிலோ இரு பகுதியினருக்கும் வித்தியாசமில்லை. 2014-இல் அது வெளியானபோது பலருக்கு அதிர்ச்சி. பொதுவான உடல் பரிசோதனைகள் இறப்பைக் குறைப்பதில்லை என்றே, பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் தொகுப்பாய்வும் 2012-இலும் பிறகு 2019-இலும் சொன்னது. ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே போய், 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களின் இடுப்பை அளந்து ஆலோசனைக்கு அனுப்பும் தேசியத் திட்டத்தை 2008-இல் தொடங்கியது. ஆலோசனைக்கு அனுப்பப்படும் எல்லைக்குச் சற்று மேலே இருந்த ஆண்களையும் சற்றுக் கீழே இருந்த ஆண்களையும் ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் எடையில் கால் கிலோவைச் சற்றே தாண்டிய குறைவு. அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு மூன்றிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

இதைப் படித்துவிட்டு, "அப்போ எதையும் பார்க்கவே வேண்டாம்" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அது அவசர முடிவு. அழைத்தால் வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஓரளவு ஆரோக்கியமானவர்கள், ஆபத்து அதிகமுள்ளவர்கள் வருவதில்லை; வேறு வழியில் கண்டறியப்பட்டுச் சிகிச்சையில் இருப்பவர்களும் கணிசம். அதைவிட முக்கியம், எண்ணைக் கண்டுபிடிப்பது சிகிச்சை அல்ல. சிகிச்சை பலன் தருகிறதா என்பதில் சந்தேகமே கிடையாது: ஆறு லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் தரவைச் சேர்த்து 2016-இல் வெளியான ஆய்வின்படி, மேல் அழுத்தத்தை (இரண்டு எண்களில் முதலாவது) 10 புள்ளி குறைத்தால் இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்கும், பக்கவாதம் கால் பங்குக்குச் சற்று அதிகமும் குறைகின்றன. மருந்து இருக்கிறது, விலை மலிந்ததும்கூட. ரிப்போர்ட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவில், முதல் மாத்திரைக்கும் முந்நூறாவது மாத்திரைக்கும் நடுவில்தான் ஆள் தொலைந்துபோகிறார்.

காசின் பங்கையும் மறுக்க முடியாது. அமெரிக்காவில் 1970-களில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் தொடங்கிய காப்பீட்டுப் பரிசோதனையில், மருத்துவம் முழுக்க இலவசம் என்ற பிரிவில் சேர்ந்தவர்கள் அதிகமாகச் சேவையைப் பயன்படுத்தினார்கள்; ஆனால் சராசரி ஆளின் ஆரோக்கியத்தில் பெரிய மாற்றம் இல்லை. விதிவிலக்காகத் துலங்கியது வருமானம் குறைந்த, ரத்த அழுத்தம் உயர்ந்த பிரிவினர். இலவசம் என்றபோது அவர்களுக்கு அழுத்தம் குறைந்தது. மருத்துவரைக் கூடுதலாகச் சந்தித்ததால் அவர்களுடைய நோய் கண்ணில் பட்டது என்பது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. எனவே வருகைகள் வீணல்ல. வந்தவரின் கையில் பட்டையைச் சுற்ற வேண்டும், சுற்றியதை யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

எதிர்த்திசையில் ஒரு குறிப்பு

சேவையை அதிகமாகப் பயன்படுத்துவதும் இதே இடத்தில் வந்து முட்டலாம். 63 வயதுப் பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள்: இதயத்துக்கு ஒரு நிபுணர், சர்க்கரைக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், மாதம் தவறாமல் எல்லோரிடமும் போகிறார். பையைக் கொட்டிப் பார்த்தால் இரண்டு வெவ்வேறு வணிகப் பெயர்களில் ஒரே அழுத்த மருந்து; ஒன்றை இதய நிபுணர் தொடங்கியது, மற்றதைச் சிறுநீரக நிபுணர். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்று நரம்பியல் நிபுணரிடமும் போக ஆரம்பித்திருக்கிறார். பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தில் இவர் முன்மாதிரி நோயாளி.

அடுத்த ஒன்பது மாதங்கள்

தற்காலிகத் தடைக்குப் பிறகு எடுத்த எம்ஆர்ஐயில் நிரந்தரப் பாதிப்பு இல்லை. கழுத்து ரத்தக்குழாயில் பெரிய அடைப்பில்லை, இதயத் துடிப்பின் தாளமும் சரி. கெட்ட கொழுப்பான எல்டிஎல் 158. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் லேசாகக் கசிந்தது, விழித்திரையில் சில நுண் வீக்கங்கள். சர்க்கரை ஏற்கெனவே குடியேறிவிட்டதன் அடையாளங்கள் அவை.

வெளியே அனுப்புவதற்கு முன் வார்டு நர்ஸ் ஒரு காரியம் செய்தார். "ஒரு வாரத்தில் பார்க்கவும்" என்று எழுதும் இடத்தில், வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கைத் தொலைபேசியில் பிடித்து, "வியாழக்கிழமை காலை 9.30" என்று எழுதினார். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலையும் அங்கே அனுப்பினார். இந்த நிகழ்வு முழுவதிலும் ஆகக் குறைந்த செலவில் நடந்த காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை அளவெடுத்ததைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் முந்தைய நான்கில் ஒன்றுகூட இப்படி எடுக்கப்படவில்லை. அவர் வந்ததும் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து கையை நீட்டினார். கிளினிக் நர்ஸ் சொன்னார்: "முதுகைச் சாய்ச்சு உட்காருங்க சார். கால் மேல கால் வேண்டாம், ரெண்டு பாதமும் தரையில இருக்கட்டும். பாத்ரூம் போகணும்னா போயிட்டு வந்திடுங்க." அவர் அலுவலக லீவு பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க, அப்புறம் எல்லாத்தையும் கேக்குறேன்." கை மேசைமேல், இதய மட்டத்தில், பட்டை சட்டைக்கு மேலே அல்ல, வெறும் கையில். முதல் அளவு 162/98, ஒரு நிமிடம் விட்டு 154/94, இன்னொரு நிமிடம் விட்டு 152/94. பின்னிரண்டின் சராசரி 153/94 என்று எழுதப்பட்டது. பேசிக்கொண்டே, கையைத் தொங்கவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு எடுத்தால் ஒவ்வொன்றும் சில புள்ளிகளை ஏற்றிவிடும். மருத்துவர்களே "இது கருவிக் கோளாறு" என்று எண்ணைத் தட்டிக்கழிக்க இந்த அவசர அளவீடுகள்தான் இடம் கொடுக்கின்றன.

மருந்தில் புதுமை ஒன்றும் இல்லை. டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரை; இப்படிச் சேர்த்துச் செய்த அழுத்த மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கொழுப்பைக் குறைக்க அதிக அளவு அடோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் மருந்து. ரத்தம் உறையாமலிருக்க மூன்று வாரம் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும், பிறகு ஒன்று மட்டும். மெட்பார்மினை மெல்லக் கரையும் வகைக்கு மாற்றி, குறைந்த அளவில் தொடங்கி, சாப்பிட்ட பிறகு எடுக்கச் சொன்னார்கள், வயிறு அடங்கியது. முழங்கால் வலி மாத்திரை நிறுத்தப்பட்டது, பதிலுக்குத் தொடைத் தசைப் பயிற்சியும் தேவைப்பட்டால் பாராசிட்டமாலும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அறிய இரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்தார்கள். ஒவ்வொரு ஆபத்துக் காரணியையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடிப்பதன் பலனை டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வு 2003-இலேயே காட்டிவிட்டது: வெறும் 160 நோயாளிகள்தான், ஆனால் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

புதிதாக இருந்தது பதிவேடு. கிளினிக்கில் ஒரு நோட்டு, அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களின் பெயர், கடைசி அளவு, அடுத்த தேதி. வட்டிக்குக் கொடுப்பவர் வைத்திருக்கும் நோட்டு மாதிரிதான்: வந்து கட்டியவர் பெயரைவிடத் தவணை தவறியவர் பெயர்மீதுதான் கண். தேதி தவறி மூன்றாம் நாள் கிளினிக் நர்ஸ் போன் செய்வார். மாதாமாதம் மாத்திரை முடியும் வாரத்திலும் ஒரு போன்.

அமெரிக்காவில் கைசர் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவ அமைப்பின் வடக்குக் கலிபோர்னியாப் பிரிவு செய்ததும் சாராம்சத்தில் இதுதான். உயர் அழுத்தம் உள்ள எல்லோரையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவந்தார்கள், எளிய மருந்து வரிசை வைத்தார்கள், ஒற்றை மாத்திரைக் கூட்டு மருந்தைக் கொடுத்தார்கள், அளவெடுக்க மட்டும் வருபவர்களிடம் கட்டணம் வாங்கவில்லை. 2001-இல் 44 சதவீதமாக இருந்த கட்டுப்பாடு 2009-இல் 80 சதவீதமானது. மருத்துவரே பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் அளந்து, ஆலோசனை சொல்லி, தேவையானவர்களை மருத்துவரிடம் அனுப்பிய ஆய்வு 2020-இல் வெளியானது. வழக்கமான சேவை பெற்றவர்களைவிட மேல் அழுத்தம் சராசரியாக 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின ஆண்கள் முடி வெட்டிக்கொள்ளும் கடைகளுக்கே மருந்தாளுநர்கள் போய் மருந்தைச் சரிசெய்தார்கள். ஆறு மாதத்தில் அங்கே 27 புள்ளி இறக்கம். மருத்துவரைப் பார்க்கும்படி முடிதிருத்துபவர்கள் எடுத்துச் சொன்னதோடு நின்ற கடைகளில் 9 புள்ளி. போகாதவரைப் போ போ என்று சொல்வதற்கும், அவர் ஏற்கெனவே போகும் இடத்துக்கு நாம் போவதற்கும் இவ்வளவு வித்தியாசம்.

நம் நோயாளிக்கு ஒன்பது மாத முடிவில் அழுத்தம் 134/82, எச்பிஏ1சி 7.1, எல்டிஎல் 74. மூளைத் தடை வந்தவருக்கு 130/80-க்குக் கீழும் எல்டிஎல் 70-க்குக் கீழும் வேண்டும், எனவே இன்னும் வேலை பாக்கி. எடை மூன்று கிலோதான் குறைந்தது. நடுவில் ஒரு முறை தேதியைத் தவறவிட்டார், ஒரு முறை ஸ்டாடின் ஈரலைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துப் பத்து நாள் நிறுத்தினார். இரண்டையும் பிடித்தது நர்ஸின் போன்தான்.

இப்போது பயன்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். இந்த ஒன்பது மாதத்தில் கிளினிக் பதிவில் இவருக்கு ஐந்து வருகைகள். முழங்கால் ஆண்டிலும் அதே ஐந்துதான். வருகைகளை எண்ணும் எந்த ஆய்வும் இவ்விரண்டு காலங்களையும் ஒன்றாகவே காட்டும். நர்ஸ் செய்த பதினோரு போன் அழைப்புகள் எந்த அறிக்கையிலும் இல்லை. மாதாந்திரப் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. ஆள் குறைப்பு பற்றிப் பேச்சு வந்தால், முதலில் கை வைப்பது எண்ணிக்கையில் வராத இந்த வேலை நேரத்தின் மீதுதான். அதனால் அந்த நர்ஸ் இப்போது பதிவேட்டின் கடைசிப் பத்தியில் அழைத்த தேதி, எடுத்தாரா இல்லையா, என்ன சொன்னார் என்று தானே கோடு போட்டு எழுதி வருகிறார்.